விரிசலுக்குத் தேதி எழுதியவர்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்க வாங்க" என்று கும்பிட்டுக்கொண்டு நிற்பார். இவர் பதிலுக்குக் கும்பிடாமல் தலைக்குமேல் இருக்கும் சிலாப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பீமில் ஒரு கீறல் கண்ணில் பட்டுவிட்டால் போச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, விரலால் தடவி, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். எங்கள் மினி பஸ் முதலாளி புது வீடு கட்டிக் கிருகப்பிரவேசம் வைத்தபோது, அவருக்கு மட்டும் பத்திரிகை வேண்டாம் என்று என்னிடமே சொன்னார்.

"வந்தா சாப்புடுறாங்களோ இல்லியோ, வூட்டுக்குக் குறை சொல்லிட்டுப் போவாங்க" என்றார்.

ஓவர்சியர் மேடம் என்றுதான் அவரை மலையில் எல்லோரும் சொல்வார்கள். பெயர் தெரியாமல் இல்லை. தெரிந்தும் யாரும் சொன்னதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. சொந்த ஊர் நைனார்பாளையம் பக்கம். நாற்பது வயது இருக்கும். கல்வராயன் மலையில் ஒரு பகுதியின் சின்ன ரோடுகள், பாலங்கள், பள்ளிக்கூடக் கட்டடங்கள் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஸ்கூட்டியின் முன்பெட்டியில் ஒரு டார்ச், ஒரு சின்ன சுத்தியல், தச்சர்கள் காதில் செருகும் பென்சில் இரண்டு, சாக்பீஸ் டப்பா ஒன்று. சாப்பாட்டு டப்பாவை மட்டும் பாதி நாள் மறந்துவிட்டு வருவார்.

அதே மலையில் நான் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடிவாரத்திலிருந்து வளைவுகள் ஏறி இரண்டு மேடு தாண்டினால் ஒரு ஓடை. அதன்மேல் நாற்பதடி நீளத்துக்கு ஒரு பழைய கான்கிரீட் பாலம் இருந்தது. அடியில் இரண்டு பீம், மேலே சிலாப், இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐந்து ஊர்கள். ரேஷன் அரிசி போவதும், மரவள்ளிக்கிழங்கு லாரி வருவதும், ஆஸ்பத்திரிக்கு ஆள் இறங்குவதும் அதன்மேல்தான். வேறு வழி கிடையாது.

அந்தப் பாலத்தில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினார். எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார். காலிவண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகச் சொன்னார். நாற்பது பேரை இறக்கி ஏற்றுவது என்ன விளையாட்டா? சங்கராபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

"மேடம், பத்து வருஷமா இந்தப் பாலத்து மேல போய்க்கினு வந்துக்கினு இருக்கிறேன். ஒண்ணும் ஆவல."

"அது பத்து வருஷத்து கதை டிரைவரே. இன்னிக்கு இன்னான்னு நான் பாக்கணும் இல்ல?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவர் கரையோரம் இறங்கி, பீம் வந்து உட்காரும் முனையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார். என் கண்டக்டர் ஒன்றும் சின்னப் பையன் இல்லை, ஐம்பது வயசு ஆள், மலைக்காரர்; அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னாண்ணே, பாலத்துக்கு நாடி பாக்குறாங்களா?"

அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் ஒரு நாள் மேடம் என்னையும் கீழே கூப்பிட்டு அதே இடத்தில் கையை வைக்கச் சொன்னார். மேலே கிழங்கு லாரி ஒன்று போனது. பீம் கைக்குள் நடுங்கியது. லாரி மேட்டில் ஏறி மறைந்துவிட்டது, நடுக்கம் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

யார் சொல்வதையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். இதுதான் அவரிடம் எல்லோருக்கும் எரிச்சல். மேலதிகாரி போனில் "கான்ட்ராக்டர் சரியாத்தான் போட்டிருக்காராம்" என்றால், "சார் பாத்தீங்களா, சொன்னாங்களா?" என்று கேட்பார். டீக்கடைக்காரர் பால் இப்போதுதான் காய்ச்சியது என்றால் டம்ளரைத் தொட்டுப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், வராந்தா சன்ஷேடு நன்றாக இருப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மேடம் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஏணி எங்கே என்று கேட்டார். தலைமையாசிரியருக்கு முகம் கறுத்துவிட்டது. ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டினார். தட்டிய இடத்தில் ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் மதியச் சோறு சாப்பிட உட்காரும் இடம் அது. மேடம் இறங்கி வந்து தலைமையாசிரியரிடமே தண்ணீர் கேட்டார். அதைத் தொட்டுப் பார்க்காமல் குடித்தார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள்.

பாலத்து பீமின் வெளிப்பக்கத்தில் ஒரு விரிசல் இருந்தது. முனையில், பீம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்துச் சாய்வாக மேலே ஏறியது. ரொம்ப மெல்லியது. அதன் நுனியில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவார். அடுத்தமுறை வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக்கோடு, புதுத்தேதி. நான் முதலில் பார்த்தபோது இரண்டு தேதிகள் இருந்தன. கடைசியில் எண்ணினால் ஒன்பது.

"நேரா விரிஞ்சா நான் இவ்ளோ பயப்பட மாட்டேன்" என்றார் ஒருநாள். "இது சாஞ்சிக்கினு போவுது பாருங்க. பீமை யாரோ முறுக்குறாங்க."

"பீமை யாரு மேடம் முறுக்கறது?"

அவர் டப்பாவிலிருந்து ஒரு சாக்பீசை எடுத்துப் படக்கென்று ஒடித்தார். வெட்டினாற்போல நேராக ஒடிந்தது. இன்னொன்றை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் திருகினார். அது சுற்றிக்கொண்டு சாய்வாக உடைந்தது. உடைந்த துண்டை விரிசலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே சாய்வு.

யார் முறுக்குகிறார்கள் என்பதும் அன்றைக்கே தெரிந்துபோனது. அறுப்பு முடிந்தால் அந்த ஐந்து ஊர்க்காரர்களும் சாமைக்கதிரைப் பாலத்தின்மேல்தான் காயப்போடுவார்கள். பாலத்தில் பாதி அகலத்துக்குக் கதிர் பரப்பி, காற்றில் நகராமல் ஓரமாகக் கல் வரிசை வைத்துவிடுவார்கள். நாங்கள் வண்டிக்காரர்கள் கதிரை மிதிக்காமல் மற்ற பாதியில் ஒதுங்கிப் போவோம். அது மரியாதை. வருஷம் பூராவும் ஏதாவது ஒன்று காயும்; சாமை போனால் கேழ்வரகு, கேழ்வரகு போனால் கடுக்காய். எல்லா வண்டியும் ஒரே ஓரமாகப் போனால், அந்த ஓரத்து பீம்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாகத் திருகும். பாரம் போனதும் திரும்பி வரும். மறுபடியும் திருகும்.

கதிரை எடுக்கச் சொன்னபோது ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"மேடம், இந்த மலையில சமமா இருக்கிற எடம் இது ஒண்ணுதான். வேற எங்க காய வெப்பீங்க? உங்க ஆபீசு மொட்டை மாடியிலயா?"

"வெய்யுங்க. ஆனா நடுவுல வெய்யுங்க. வண்டி வர்றப்ப அள்ளிடுங்க."

நடுவில் வைத்தால் யார் மணிக்கொருதரம் அள்ளுவது? ஒரு வாரம் கேட்டார்கள். அப்புறம் பழையபடி ஓரத்துக்கே போய்விட்டது. மேடம் வரும் நாட்களில் மட்டும் பாலம் சுத்தமாக இருக்கும். எங்கள் வண்டிகளும் நடுவில் ஒழுங்காகப் போகும். இதையெல்லாம் நினைத்தால் எங்கள்மேல் எங்களுக்கே கோபம் வருகிறது.

அதைவிடப் பெரிய தப்பை நான்தான் செய்தேன்.

கிழங்கு லாரிக்காரர்கள் பாலத்தில் பறந்துகொண்டு போவார்கள். இறங்குகிற பாரம், பிரேக் பிடிக்கவும் மனசு வராது. "மெதுவாப் போவச் சொல்லுங்க, மெதுவாப் போவச் சொல்லுங்க" என்று மேடம் எங்களிடம் புலம்புவார். சரி, பேச்சில் கேட்காதவனை வேறு விதமாகக் கேட்கவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஆட்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, கோயில் வேலையில் மீந்த சிமெண்டையும் ஜல்லியையும் கொட்டிப் பாலத்தின் இரண்டு முனையிலும் வேகத்தடை போட்டேன். நல்ல உயரமாகவே போட்டேன். சுண்ணாம்பு அடித்து வெள்ளைப்பட்டையும் இழுத்தேன். அன்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. மேடம் வந்து பார்த்துப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் புதன்கிழமைதான் வந்தார். ஸ்கூட்டியை நிறுத்தி, வேகத்தடையைப் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அப்போது ஒரு லாரி வந்தது. மெதுவாகத்தான் வந்தது. முன்சக்கரம் தடைமேல் ஏறி, அந்தப் பக்கம் தொம்மென்று விழுந்தது. பின்சக்கரம் ஏறி, மறுபடி தொம்மென்றது. மேடம் அந்த இரண்டு சத்தத்துக்கும் கண்ணை இறுக்கி மூடினார்.

"யாரு போட்டது?"

"நான்தான் மேடம். நீங்கதான மெதுவா..."

"நின்னுக்கினு இருக்கிற பாரம் வேற, குதிக்கிற பாரம் வேற டிரைவரே. அது எங்க வந்து குதிக்குது தெரியுமா? விரிசல் எங்க ஆரம்பிக்குதோ அங்க, நேர் தலைமேல."

திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அவர் கடப்பாரை கேட்டார். சம்மட்டி வேண்டாம், அடிக்காமல் நெம்பி எடுங்கள் என்று முதல் கல்லைத் தானே நெம்பினார். நானும் அந்த நாலு பேரும் மாலைக்குள் இரண்டு தடையையும் பெயர்த்தோம். பிறகு கீழே போய்ப் பார்த்தார். மூன்றே நாட்களில் விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. பீமின் அடிப்பக்கமும் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஒரு இடத்தில் காரை உதிர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது.

டார்ச் அடித்துக் காட்டினார். நீளக் கம்பிகளைச் சுற்றி வளையம் வளையமாகக் கட்டியிருந்தார்கள். "ரிங்கு" என்று கம்பி கட்டுகிறவர்கள் சொல்வது அதைத்தான்.

"முறுக்கைப் பிடிச்சி நிறுத்தறது இந்த ரிங்குதான். ரெண்டு மொனையையும் நல்லா உள்ளார மடக்கியிருக்கணும். இவனுங்க சும்மா ஓரத்துல மடிச்சி வுட்டிருக்கானுங்க. மேல இருக்கிற காரை உதிர்ந்துச்சுன்னா ரிங்கு தொறந்துக்கும்."

"தொறந்துக்கினா?"

அவர் பென்சிலை எடுத்துத் தேதி எழுதினார். அது ஒன்பதாவது தேதி. பாலத்துக்கு அடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களை எழுப்பி அனுப்பினார். இனிமேல் பீமுக்கு அடியில் ஒருத்தரும் நிற்கக்கூடாது என்றார். பாலத்தை மூட வேண்டும் என்று எத்தனையோ முறை மேலே எழுதியிருந்தார். பதில் வரவில்லை. அன்று நான் கடைசி நடையாக மேல் ஊருக்கு ஏறிய பிறகு, யாரையும் கேட்காமல் தானே பாலத்தை மூடிவிட்டார். குறுக்கே கல் அடுக்கி, முள் வெட்டிப் போட்டு, தன் ஸ்கூட்டியையும் நிறுத்திவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிக்கொண்டார்.

பஸ் மலைப்பக்கம் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். தலைப்பிரசவம். விடிவதற்கு முன்பிருந்தே வலி. கூட அவள் அம்மா, புருஷன், அண்டை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். ஆம்புலன்சுக்குச் சொல்ல ஒருவர் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடியிருந்தார். கிடைத்ததா இல்லையா தெரியாது. என் வண்டியில் போனால் முக்கால் மணிநேரத்தில் அடிவார ஆஸ்பத்திரி. பாலத்தண்டை வந்தேன். மேடம் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், பிரசவ கேசு. கல்லை எடுங்க."

"எறக்கித் தூக்கிக்கினு போவலாம் டிரைவரே. ஆளுங்க நடந்து போனா பாலம் தாங்கும். அந்தாண்ட வண்டி வரும்."

"எப்ப வரும்? எங்க வண்டி? ஒரு வண்டிய காட்டுங்க பாக்கலாம்!"

அந்தப் பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. பின்னால் அந்தப் பெண் கத்தினாள். அந்தச் சத்தத்தில் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. புருஷனும் ஊர் ஆட்களும் இறங்கிக் கல்லை உருட்ட ஆரம்பித்தார்கள். ஸ்கூட்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அவர் தடுக்கவில்லை. எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் இறங்கிப் போய்விட்டார். விட்டது தொல்லை என்று நினைத்தேன்.

கண்டக்டர் கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணே, மேடம் பீமுக்கு அடியில போயி உக்காந்துக்கினு இருக்கிறாங்க. கூப்புட்டா வர மாட்டேன்றாங்க."

கீழேயிருந்து குரல் வந்தது. சத்தம்கூடப் போடவில்லை.

"ஓட்டுங்க டிரைவரே. நான் இங்கதான் இருப்பேன்."

நான் முதல் கியரைப் போட்டேன். மெதுவாக நகர்த்தினேன். முன்சக்கரம் பாலத்தில் ஏறியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்தப் பெண்ணின் அம்மா இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எறக்குங்கப்பா. எம்பொண்ணுக்காவ இன்னொருத்தி அடியில குந்திக்கினு இருக்க வேணாம். நாங்க நடந்தே போறோம்."

கம்பளியை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பாலம் தாண்டி ஒரு மேடு ஏறியதும் எதிரே ஆள் ஏற்றிவரும் ஜீப் ஒன்று வந்தது. குழந்தை ஜீப்பிலேயே, கடைசி வளைவில் பிறந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் பத்து மணிக்குத்தான் வந்தது.

அந்த மாதமே பாலத்தை மூடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. பிறகு இடித்துவிட்டுப் புதுசு கட்டினார்கள். அன்றைக்கு நான் ஓட்டியிருந்தால் விழுந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நான் அவரிடமே கேட்டேன். "தெரியாது" என்றார். பின்னே ஏன் போய் உட்கார்ந்தீர்கள் என்றேன். "தெரியாதே, அதான்" என்றார். அந்த வருஷமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் கூடினால் இன்னும் இந்தக் கதை வரும். கீழே ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் வண்டியை நிறுத்தின ஆள் என்று என்னைக் காட்டுவார்கள். டீ வாங்கித் தருவார்கள். நான் குடிப்பேன்.

அந்தக் குழந்தை பிறந்த மறுநாள் மேடம் பாலத்தண்டை கல்லைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கல் எடுத்துக் கொடுத்தேன். நிமிராமலே கேட்டார்:

"நேத்து வண்டிய நீங்க நிறுத்துனீங்களா, அதுவா நின்னுச்சா?"

"நான்தான் மேடம் நிறுத்துனேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அடுத்த கல்லைக் கேட்டார்.

நான் நிறுத்தவில்லை. சக்கரச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்துக் கிளட்சை விட்டேன். கோபத்தில் கால் சரியாக வரவில்லை, இன்ஜின் அணைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து பேசியபோது என் கை சாவியைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு தரம் செல்ஃப் அடித்தேன். அந்தச் சத்தம் பாலத்துக்கு அடியில் நன்றாகவே கேட்டிருக்கும்.